சண்முகக்கனிக்கு வைத்த சோறு

தருவைக்கரையில் முதலில் வேலை இழந்தவை காக்கைகள்தான். அமாவாசை தோறும் மாடிக்கு மாடி வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வடையும் வைத்து, தொண்டை நோகக் கா கா என்று கூப்பிட்டு, செத்துப்போன அப்பனும் ஆத்தாளும் காக்கையாக வந்து கொத்திவிட்டுப் போனால்தான் வீட்டிலிருப்பவர்கள் கை நனைக்கலாம் என்றிருந்த ஊரில், செத்துப்போனவர்களே பிள்ளைகளாகப் பிறந்து, நடக்கப் பழகி, வாய் திறந்து, "இது எங்க வீடு இல்ல, என்னைய எங்க வீட்டுல கொண்டு விடு" என்று கைகாட்ட ஆரம்பித்த பிறகு, காக்கைக்கு எவர் சோறு வைப்பார்? கொஞ்ச காலம் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து முறைத்துப் பார்த்தன. பிறகு ரோஷப்பட்டுக்கொண்டு கூட்டமாகப் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. உப்பளத்துக் காற்று என்று சிலரும், புதிதாக வந்த குழாய்த் தண்ணீர் என்று சிலரும் சொல்லிப் பார்த்துவிட்டு, வந்த பிள்ளையை என்ன செய்வது என்கிற வேலையில் இறங்கிவிட்டார்கள். அதற்கென்று ஒரு முறையும் தானாக அமைந்துபோனது. பிள்ளை கைகாட்டியதும் தெருவே கிளம்பும். யாரும் வழி சொல்லக்கூடாது, பிள்ளைதான் முன்னால் நடக்க வேண்டும். எந்த வாசலில் போய் நிற்கிறதோ அதுதான் அதன் பழைய வீடு. பழைய வீட்டுக்காரர்கள் பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து, செத்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் சோறு போடுவார்கள். அதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை பிள்ளைக்குச் சாப்பாடு அங்கேதான். முதல் பால்பல் விழுகிறவரைதான் இந்த உறவு. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து பழைய வீட்டுக் கூரையில் எறிந்துவிட்டால் பழசெல்லாம் பல்லோடு போய்விடும். அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளை அந்த வாசலை யாரோ வீட்டு வாசல் மாதிரி தாண்டி ஓடும்.

ஊர் இதற்கு நன்றாகவே பழகிக்கொண்டது. மூக்கு ஒழுகும் ஒரு பொடியன் மருமகளின் அடுப்படிக்கே வந்து நின்று, "இன்னும் ரசத்துல பெருங்காயத்த அள்ளித்தான் போடுதியா?" என்று கேட்டபோது, அந்த மருமகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இல்ல அத்த, கொறச்சுட்டேன்" என்று பதில் சொன்னாள். ஆயுள் முழுக்க வரப்புத் தகராறில் பேசாமலிருந்த இரண்டு வீடுகளில் ஒன்றின் கிழவர் மற்றொன்றின் பேரனாகப் பிறந்துவிட, வேறு வழியில்லாமல் இரண்டு வீடும் ஒன்றாகப் பொங்கல் வைத்தன. அழுகையும் சிரிப்பும் கொஞ்சம் சண்டையுமாக வீட்டுக்கு வீடு யாராவது வந்துகொண்டிருந்தார்கள்.

சண்முகக்கனிக்கு மட்டும் யாரும் வரவில்லை.

அவள் கீழத்தெரு முக்கில் மாவு மில் நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டியவள், பிள்ளைகள் கிடையாது. புருஷன் தவசிமுத்துவும் அவளுமாகத்தான் அந்த மில்லை ஓட்டினார்கள். மில் ஓடும்போது பேச்சு கேட்காது என்பதால் இருவருக்கும் இடையில் சைகைதான் பாஷை: கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்தால் நைஸ், உள்ளங்கையைச் சொறிந்தால் ரவை, காது மடலைப் பிடித்து முறுக்கினால் டீ குடிப்போமா. கடைசிச் சைகையைத் தவசிமுத்து தேவைக்கு அதிகமாகவே செய்வான். டீ ஒரு சாக்கு, அவள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டையின் மேல் சாய்ந்து போய்ச் சேர்ந்தபின் அவள் தனியாகவே மில்லை ஓட்டினாள். மிளகாய் அரைத்த கையோடு அடுத்தவர் அரிசியைப் போட்டால் மாவு காந்தும் என்று, மிளகாய்க்குப் பிறகு எப்போதும் தன் வீட்டு அரிசியைத்தான் போட்டு மிஷினைச் சுத்தம் செய்வாள். அதனால் ஊரெல்லாம் வெள்ளைப் புட்டு தின்றபோது அவள் வீட்டில் மட்டும் எந்நாளும் சிவந்த மிளகாய்ப் புட்டு. தலைமுதல் கால்வரை மாவு படிந்து, புருவம்கூட நரைத்த மாதிரி நிற்கிற அவளிடம் ஊர்க்காரர்கள் டின்னை வைப்பார்கள், நைஸா ரவையா என்று கத்துவார்கள், வாரேன் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த இரைச்சலில் வேறென்ன பேச முடியும் என்று அவர்களுக்கும் ஒரு சமாதானம் இருந்தது.

பிள்ளைகள் பேச ஆரம்பித்த காலத்திலேயே அவள் பஜாருக்குப் போய் ஒரு தட்டு வாங்கி, தவசிமுத்து என்று பெயர் வெட்டி, புளி போட்டுத் தேய்த்துத் தயாராக வைத்துவிட்டாள். மில்லுக்குத் தாயோடு வரும் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்ப்பாள், அது காதுக்குப் போகிறதா என்று. எத்தனையோ பிள்ளைகள் மூக்கைத் தோண்டின, தலையைச் சொறிந்தன. காதுக்கு எதுவும் போகவில்லை.

ஒருநாள் காலையில் கூட்டம் அவள் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் தனுஷா நடந்து வந்தாள். மேலத்தெரு செல்வரதியின் மகள், உப்பு லாரி ஓட்டுகிற இசக்கிராஜாவின் பிள்ளை, பேச்சு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டைத் தாண்டி, நேராக மில் வாசலுக்கு வந்தபோது சண்முகக்கனி சுவிட்சை அமர்த்தினாள். முகத்தைத் துடைக்கிறேன் என்று மாவைக் கண்ணுக்குள் அப்பிக்கொண்டாள். தனுஷா மிஷினைச் சுற்றி வந்தாள், மாவு டின்னைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சண்முகக்கனியை ஏறிட்டுப் பார்த்துத் தன் காது மடலைப் பிடித்து முறுக்கினாள்.

"வந்துட்டியளா" என்று சண்முகக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

பிள்ளை தலையை ஆட்டியது. "நான் அவரு இல்ல."

"பின்ன யாரு?"

"நான்தான் சண்முகக்கனி. மில்லுக்காரி. எனக்கு மிளகா புட்டு வேணும்."

அமர்த்திய பெல்ட் ஓட்டம் அடங்காமல் இன்னும் கொஞ்சம் சுற்றி நின்றது.

இந்த இடத்தில் வேறு ஊராக இருந்தால் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். தருவைக்கரையில் அதுவரை ஒரு பிள்ளையும் பொய் சொன்னதில்லை. ஆகவே ஊர்த்தலைவர் துரைப்பழம் நெற்றியைச் சுருக்கி, மோவாயைத் தடவி, எல்லோர் மனதிலும் ஓடியதையே வாய்விட்டுச் சொன்னார்: "பிள்ள பொய் சொல்லாது. அப்பம், மதினி எப்பவோ செத்திருக்காவ. நாமதான் கவனிக்கல."

"நான் இந்தா இருக்கேனே" என்றாள் சண்முகக்கனி.

"இருக்கிய மதினி, யாரு இல்லங்கா?" துரைப்பழத்தின் குரல் தணிந்து, குழைந்து போயிருந்தது. "ஆனா பிள்ள பொறந்துட்டுல்லா. இனி நாம என்ன செய்ய முடியும் சொல்லுங்க."

எப்போது செத்திருப்பாள் என்று தெருவில் பேசிப் பார்த்தார்கள். அந்தப் பெருமழையில் என்றார் ஒருவர். ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்தபோது என்றார் இன்னொருவர். அவளோடு கடைசியாக உட்கார்ந்து பேசியது எப்போது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அதனால் எதை வேண்டுமானாலும் நம்ப முடிந்தது. நல்ல மனிதர்கள், ஒரு சாவுக்குப் போகாமல் விட்டோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டார்கள். மறுநாளே துட்டி கேட்க, சாவு விசாரிக்க வந்தார்கள். ஆண்கள் வாசல் பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் சண்முகக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, சண்முகக்கனி எப்பேர்ப்பட்ட மனுஷி என்று சண்முகக்கனியிடமே சொல்லி அழுதார்கள். அவள் மாவை எவ்வளவு நைஸாக அரைப்பாள், அளவில் ஒரு பிடி குறைந்ததில்லையே என்றெல்லாம் சொன்னார்கள். உயிரோடிருந்தபோது ஒருவரும் சொல்லாதது. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சாவு வீட்டில் "வாரேன்" சொல்லக்கூடாது என்பதால், ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாவு அவள் மில்லில்தான் அரைத்தார்கள், வேறு மில் ஊரில் இல்லை. அவளுடைய பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தவசிமுத்து படத்துக்குப் பக்கத்தில் மாட்டி மாலையும் போட்டார்கள். மாட்ட ஆணி அடித்தது அவள்தான். அன்றிலிருந்து சண்முகக்கனி என்கிற பெயர் தனுஷாவுக்குப் போய்விட்டது, இவளை மில்லுக்காரம்மா என்று மட்டும் கூப்பிட்டார்கள். ஊரில் யார் கல்யாணத்துக்கும் அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை, முன்பும் பெரிதாக வைத்ததில்லை. மாவு வாங்கிப் போகிறவர்களும் துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இதற்கெல்லாம் கோபப்பட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தபோது, பெயரையும் அந்த வாரேனையும் தவிர வேறெதுவும் மாறவில்லை என்பது தெரிந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

முதல் அமாவாசைக்குத் தனுஷா வந்தபோது சண்முகக்கனி தவசிமுத்து தட்டை எடுத்து வைத்தாள். பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"இது அவரு தட்டுல்லா. நான் எப்படி இதுல திங்க?"

அவள் தன் தட்டை, கல்யாணத்தில் பெயர் வெட்டித் தாய் கொடுத்த தட்டை, எடுத்து வந்து வைத்தாள். மிளகாய்ப் புட்டைப் பிள்ளை கண்ணில் தண்ணீர் வரவரத் தின்றது. தின்று முடித்து, சுவரில் தவசிமுத்து படத்தைப் பார்த்துக்கொண்டே, "அவரு இன்னும் வரலையோ?" என்று கேட்டது.

"வரலயே."

"எங்க போயித் தொலைஞ்சாரு மனுஷன்" என்று பிள்ளை பெருமூச்சு விட்டது.

அந்தப் பெருமூச்சு சண்முகக்கனியுடையது. இத்தனை வருஷமும் தான் ஒருத்தியே விட்டுக்கொண்டிருந்த மூச்சை இன்னொருத்தி விடுவதைக் கேட்டதும் அவள் பிள்ளையின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தவசிமுத்து வரவில்லை, சரி. அவனுக்காகக் காத்திருக்க இன்னொரு ஆள் வந்திருக்கிறது. ஒருவகையில் அது அவனே வந்ததைவிடப் பெரிது என்றுகூட அவளுக்குப் பட்டது. அவன் வந்திருந்தால் டீ கேட்டிருப்பான், அவ்வளவுதானே.

அதிலிருந்து அமாவாசைக்கு மில் லீவு. இரண்டு சண்முகக்கனிகளும் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து தவசிமுத்துவைப் பற்றிப் பேசுவார்கள். அவன் சாப்பிடும்போது மூக்கை உறிஞ்சுவது, பாம்பென்று கயிற்றை அடித்தது, கோபம் வந்தால் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்புவது. முதல் தீபாவளிக்கு அவன் எடுத்துக்கொடுத்தது பச்சைச் சேலை என்றாள் பெரியவள். "பச்சையா? மயில் கழுத்து நிறம்லா" என்றாள் சின்னவள். பெட்டியைத் திறந்து பார்த்தால், பிள்ளை சொன்னதுதான் சரி. இவளுக்கு மங்கிப்போனவை எல்லாம் அதற்கு நேற்று நடந்த மாதிரி இருந்தன.

ஒரு கேள்வியை மட்டும் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு அமாவாசையன்று பருப்பு கடைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் எப்பம்ட்டி செத்தேன்?"

பிள்ளை அப்பளத்தைக் கடித்தது. "அவருக்குக் காரியம் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, எல்லாரும் போனாவல்லா? கடேசி ஆளும் போனபொறவு கதவச் சாத்துனோம். தாப்பாள் போட்ட சத்தம் கேட்டுச்சு. அதோட சரி, அதுக்குமேல எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"பொறவு?"

"பொறவு செல்வரதி அம்மை மொகம்தான்."

சண்முகக்கனி மத்தைக் கீழே வைத்தாள். அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. வாசலில் பந்தல் பிரித்த கம்புகள் கிடந்தன, தெருநாய் எச்சில் இலையை இழுத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளையிடம் எடுத்துச் சொல்லும்படி, பாரு நீ சொன்னது தப்பு என்று காட்டும்படி, தனக்கு ஏதாவது ஒன்று நடந்திருக்கிறதா என்று வருஷம் வருஷமாகத் தேடிப் பார்த்தாள். ஊருக்கு மாவு அரைத்திருந்தாள். வேறொன்றும் கிடைக்கவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை என்று ஊர் சொன்னதை அன்றுதான் அவளும் ஒப்புக்கொண்டாள்.

பிள்ளை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒரு அமாவாசைக்கு வந்தவள் சாப்பிடாமல் நாக்கால் முன்பல்லைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஆடுதா?"

"லேசா ஆடுது." பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. "இது விழுந்தா நான் போயிருவேன்லா?"

"நீ எங்க போற? செல்வரதி வீட்டுலதான் இருப்ப, இட்லி திம்ப, பள்ளிக்கூடம் போவ." சண்முகக்கனி அதன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "போறது நான்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, விட்டுவிட மனமில்லை. பல்லைக் காப்பாற்ற அவள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பு வரும், சொல்லாமல் விட்டாலோ அவளுக்கு அநியாயம் செய்ததாகும். முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய் எல்லாவற்றையும் நிறுத்தினாள். கேழ்வரகை மூன்று தடவை அரைத்துக் கூழாக்கினாள். கொழுக்கட்டை மாவைப் பவுடர் மாதிரி சலித்தாள். அமாவாசை மட்டுமில்லாமல் தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சி, களி, இலையப்பம் என்று மெல்லவே வேண்டாத பண்டமாகச் செய்து செல்வரதி வீட்டுக்குக் கொண்டுபோனாள். செல்வரதி நல்லவள், செத்தவள் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று வாங்கிக்கொண்டாள். எல்லாம் செய்து என்ன, பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையோ கொடுத்த கொய்யாக்காயைத் தனுஷா ஒரு கடி கடித்தாள், பல் காயோடு வந்துவிட்டது.

முறைப்படி சாணியில் பொதிந்து மில்லின் தகரக் கூரையில் எறிந்தார்கள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் தகரத்தில் பல் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. விஷயமே தெரியாமல்தான், மறுநாள் செல்வரதி கோதுமை டின்னோடும் மகளோடும் வந்து நின்றபோது, அந்த இரைச்சலுக்கு நடுவே சண்முகக்கனி சிரித்துக்கொண்டே காது மடலைப் பிடித்து முறுக்கினாள். தனுஷா அவளைப் பார்த்தாள். இந்தம்மா எதற்குக் காதைத் திருகுகிறாள் என்று தாயைப் பார்த்தாள். பிறகு தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அங்கிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் முன்பல் போன ஓட்டை தெரிந்தது. செல்வரதி கண்ணைத் தாழ்த்தி, மாவை வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போல ஒன்றும் சொல்லாமல் போனாள்.

அடுத்த அமாவாசையும் வந்தது. கை பழகிவிட்டதால் சண்முகக்கனி காலையிலேயே குளித்துச் சமைத்துவிட்டாள். தட்டை எடுத்து வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறியது. தவசிமுத்துவுக்கு யாருமில்லை என்றால் அவளாவது இருந்தாள். செத்துப்போன சண்முகக்கனிக்கு யார் இருக்கிறார்கள்? வந்த பிள்ளையும் மறந்துவிட்டது. அவளுக்குச் சோறு வைக்க ஊரில் ஒரு கை இல்லையே என்று நினைத்தபோது, வேறு யாருக்கோ இரங்குவது போல அவளுக்காக இவள் இரங்கினாள். எழுந்து இரண்டு இலைத்துண்டு நறுக்கி, ஒன்றில் அவனுக்கும் ஒன்றில் அவளுக்குமாகச் சோறு பிசைந்து உருட்டி வைத்து, மில்லை ஒட்டிய தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். பசிதான், ஆனால் காக்கை எடுக்குமுன் சாப்பிட முடியாதே.

கா, கா என்று கூப்பிட்டாள். மாவு அடைத்த தொண்டை, சத்தம் கைப்பிடிச் சுவரைத் தாண்டவில்லை. வானத்தில் ஒன்றுமில்லை.

"அத்த! யாரக் கூப்பிடுதிய?"

பின்பக்கம் மேலத்தெரு மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே தனுஷா நின்றாள். காக்கைக்குச் சோறு வைப்பதைப் பார்த்தே இராத பிள்ளை.

"காக்காவ."

"வரமாட்டக்கோ?"

"கோவிச்சுக்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சு."

"நான் கூப்பிடட்டா?" பதிலுக்குக் காத்திராமல் பிள்ளை இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, அந்தப் பல் போன ஓட்டை வழியே, "கா! கா! கா!" என்று ஊர் அதிரக் கத்தியது. விளையாட்டென்று நினைத்துக் குதித்துக் குதித்துக் கத்தியது. உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு காக்கை புள்ளியாகக் கிளம்பி, பெரிதாகி, கம்பியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நம்பலாமா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"யாருக்கு அத்த இந்தச் சோறு?"

"ஒண்ணு தவசிமுத்துக்கு. ஒண்ணு சண்முகக்கனிக்கு."

"சண்முகக்கனின்னா யாரு?"

"இந்த மில்லுல இருந்தா ஒருத்தி. மிளகா புட்டு திம்பா."

"மிளகா புட்டா! அய்ய, ஒறைக்கும்லா" என்று தனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

காக்கை இறங்கியது. தவசிமுத்துவின் இலையை ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு விட்டது. சண்முகக்கனியின் இலைக்கு வந்து, எத்தனையோ அமாவாசைப் பட்டினியையும் சேர்த்து வைத்துத் தின்கிறாற்போல, ஒரு பருக்கை விடாமல் தின்றது. அது தின்னத் தின்ன, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்ற மில்லுக்காரம்மாவுக்கு வயிறு நிறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பருக்கையோடு ஏப்பமும் வந்தது.

"ஏட்டி தனுஷா! துணிய எடுத்தியா இல்லியா?" என்று கீழேயிருந்து செல்வரதி கத்தினாள்.

பிள்ளை கொடியிலிருந்த துணிகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, படியில் கால் வைக்கும்போது திரும்பிப் பார்த்து, எந்த முறையும் அறியாத அந்தப் பிள்ளை, "வாரேன் அத்த!" என்றது.

சண்முகக்கனிக்கு இதற்கு என்ன சொல்வார்கள் என்பதே மறந்திருந்தது.

"வா" என்றாள். பிள்ளை இறங்கிப் போயிருந்தது.

அவள் இலைகளை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். எந்நாளும் போலக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தவள், கதவைத் திரும்பத் திறந்து போட்டாள். வாரேன் என்று சொன்ன பிள்ளை வந்து பார்த்து, ஆளில்லை என்று திரும்பிவிடக்கூடாதே.